நூறு கிராம் தண்ணீர்

லாமுத் தீவின் மீன் இறங்குதுறையில் ஃபமாவு முப்பத்து நாலு வருஷமாக எடை போடுகிறார். துறையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இன்னொருக்கா' என்பதுதான் ஊர் அவருக்கு வைத்த பெயர். கூடையைத் தராசின் கொக்கியில் மாட்டி, முள் ஆடி நின்று, இனி மூச்சு விடலாம் என்று எல்லோரும் நினைக்கும்போது அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும். கூடையை இறக்குவார். மீனைக் கவிழ்ப்பார். அடியில் ஈரச் சாக்கு கிடக்கிறதா, பெரிய மீனின் வாய்க்குள் ஈயக் குண்டு திணித்திருக்கிறதா என்று விரலை விட்டுத் துழாவிவிட்டு மறுபடியும் மாட்டுவார்.

அநியாயமாகச் சொல்லக் கூடாது. பத்துத் தடவை துழாவினால் மூன்று தடவை ஏதாவது அகப்படத்தான் செய்யும். எங்கள் ஆட்கள் ஒன்றும் வானத்து மலக்குகள் இல்லை. அதிலும் பேய்க்கணவாய் கொண்டுவருகிற பாத்தே தீவுக்காரர்கள் பெரிய கைகாரர்கள். எட்டுக் கால் வைத்த அந்தப் பிராணியை, செத்த பிறகு, நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் குடித்துக் குடித்து ஊதிவிடும். பஹேரோ என்ற கணவாய்க்காரனுக்கு இதில் நல்ல தேர்ச்சி. ஃபமாவு அவன் கொண்டுவரும் கணவாயின் தலையைக் கையில் பிடித்துப் பிழிவார். தண்ணீர் அவர் முழங்கை வரை வழியும்.

"பஹேரோ, இதுல பாதி கணவா, பாதி உங்க ஊர்க் கிணறு. கிணத்த வீட்டுலயே வச்சிட்டு வாப்பா" என்பார். பஹேரோ பல்லைக் காட்டுவான். அவனுக்கு வெட்கம் என்பது கிடையாது.

தொழிலுக்கு வேண்டிய சந்தேகம் தொழிலோடு நின்றால் தேவலை. ஃபமாவுக்கு அது வீடு வரைக்கும் கூட வந்தது. பள்ளிவாசல் மோதினார் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பிறை தெரிந்ததாக ஊரே தெருவில் நின்று கத்தினாலும் மொட்டை மாடிக்கு ஏறித் தன் கண்ணால் பார்க்காமல் நோன்பை முடிக்க மாட்டார். ஒரு வருஷம் மேகம் மூடிவிட்டது. அவர் ஒருவர் மட்டும் பெருநாள் அன்று மத்தியானம் வரை பட்டினி கிடந்து, கடைசியில் மனைவி தீமா போட்ட சத்தத்தில் ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்தார்.

அவர் சந்தேகப்படாத ஜீவன் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதற்குக் கால் நாலு. பெயர் நஹோதா, கப்பல் தலைவன் என்று அர்த்தம். பதினாலு வருஷத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து வந்த ஒரு பாய்மரப் படகில், நெத்திலிக் கூடைக்குள் இது குட்டியாக உட்கார்ந்திருந்தது. கூடையை எடை போட்டபோது முள் நானூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. ஃபமாவு வழக்கம்போலத் துழாவ, ஈயத்துக்குப் பதிலாக இது வந்தது. அன்று முதல் அவர் வீட்டில்தான் அதற்கு ஜாகை. லாமுவில் பூனைகளுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, எல்லா வீட்டிலும் தின்றுகொள்ளும். இது மட்டும் அவர் கையால் கொடுத்ததைத்தான் தின்னும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகைக்குப் போவதற்கு முன்னால் அதை ஓலைக்கூடையில் வைத்துத் தராசில் தூக்கிப் பார்ப்பார். மற்றவர்களை எடை போட்ட பிறகும் நம்பாதவர், இதை நம்பிக்கொண்டே எடை போட்டார்.

நல்ல நாளில் நஹோதா ஐந்து கிலோ இருந்தது. போன மழைக்காலத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. நாலரை ஆனது, நாலு ஆனது, ஒரு வெள்ளிக்கிழமை மூன்று கிலோ நூறில் வந்து நின்றது. முதுகெலும்பு கைக்குத் தட்டியது. ரோமம் எண்ணெய் காணாத தலை மாதிரி சிலிர்த்து நின்றது. ஆனால் தண்ணீர் மட்டும் குடித்தது, அப்படி ஒரு குடி. கை கழுவுகிற தொட்டியில் வாயை வைத்தால் எடுக்காது.

ஃபமாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. யாரோ விஷம் வைக்கிறார்கள். பஹேரோவாக இருக்கலாம், கணவாயைப் பிழிந்த கோபம். எதிர்வீட்டுக்காரியாக இருக்கலாம், அவள் கருவாட்டை ஒரு தரம் நஹோதா இழுத்துப்போட்டது. இரண்டு வாரம் அவர் துறையில் எடையை விட்டுவிட்டு, பூனைக்குப் பக்கத்தில் யார் வருகிறார்கள், யார் குனிகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒருவனும் அகப்படவில்லை. அகப்படாததே அவருக்குப் பெரிய சந்தேகமாகப் போயிற்று.

"பூனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்களேன், ஸைனபோட வாப்பா" என்றாள் தீமா. மகள் பெயரை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவாள்.

"அங்கயா? அங்க போன பூனையெல்லாம் காது நுனி இல்லாமத்தான் திரும்பி வருது, பாத்திருக்கியா?"

"அது குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணதுக்கு அடையாளம். உங்க பூனைக்கு இந்த வயசுல அதெல்லாம் எதுக்குப் பண்ணப்போறாங்க?"

"காதுல ஆரம்பிக்கறவன் எங்க நிறுத்துவான்னு யாருக்குத் தெரியும்?"

தீமா பூனையைக் கூடையில் வைத்து அவர் கையில் கொடுத்து, கதவைத் திறந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கதூரே என்று ஒரு பெண். மேரு மலைப்பக்கத்துக்காரி. கடலைப் பார்க்காமல் வளர்ந்தவள் என்பதே ஃபமாவுக்கு முதல் குறை. பூனையின் வாயை மோந்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள், முன்காலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னாள்.

"கிட்னி கெட்டுப்போச்சு பெரியவரே" என்றாள் இரண்டாம் நாள். "வயசான பூனைக்கு வர்றதுதான். விஷம் இல்ல, யாரும் ஒண்ணும் வைக்கல. சரியாக்க முடியாது, ஆனா நல்லாப் பாத்துக்கிட்டா இன்னும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட இருக்கும். கருவாடு, உப்பு போட்ட எதையும் குடுக்காதீங்க. உடம்பு காஞ்சு கெடக்கு. தோலுக்கடியில தண்ணி ஏத்தணும்."

சொல்லிக்கொண்டே ஒரு பையைச் சுவரில் மாட்டி, அதன் குழாயில் ஊசியைச் செருகி, நஹோதாவின் இரண்டு தோளுக்கும் நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கிக் குத்தினாள். பை மெல்ல இறங்கியது. ஃபமாவு பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடற்கரையோடு நேராகத் துறைக்கு நடந்தார். கொக்கியில் மாட்டினார்.

மூன்று கிலோ இருநூறு.

காலையில் மூன்று கிலோ நூறு. அவர் தன் கையாலேயே போட்ட எடை. இறக்கி, மறுபடி மாட்டினார். அதே இருநூறு. நஹோதாவைத் தூக்கித் தடவிப் பார்த்தார். தோளிலிருந்து முன்காலுக்கு ஒரு கட்டி இறங்கியிருந்தது. விரலால் அழுத்தினார். அது பிசுக்கென்று நகர்ந்தது. முப்பத்து நாலு வருஷமாகப் பிழிந்த விரலுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வந்த வேகத்திலேயே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனார்.

"டாக்டரம்மா, எனக்கே காது குத்தறியா? இது உடம்பு இல்ல, தண்ணி! நூறு கிராம் தண்ணி!"

"ஆமா, தண்ணிதான்" என்றாள் கதூரே, ஒன்றும் புரியாமல். "தண்ணி ஏத்தறேன்னு சொல்லித்தானே ஏத்தினேன்?"

"அடுத்த வாரம் எடை போட்டு, 'பாருங்க பெரியவரே, மருந்து கேக்குது, கூடியிருக்கு'ன்னு சொல்லுவ. எத்தன கணவாக்காரனப் பாத்திருக்கேன் நான்!"

"கணவாயா?"

"அது நாள் பூரா தண்ணி குடிக்குதும்மா. தொட்டியே காலியாகுது. குடிச்சுக்கிட்டே இருக்கறதுக்கு மேல எதுக்குத் தண்ணி? பதில் சொல்லு."

"குடிக்கறது எதுவும் உடம்புல தங்கலையே. கிட்னி பிடிச்சு வைக்காம அப்படியே வெளிய விட்டுடுது. ஓட்டக் குடம் மாதிரி. அதனாலதான் நாம..."

அவர் அதைக் கேட்க நிற்கவில்லை. கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். ஓட்டைக் குடத்தில் ஏன் மேலும் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று கேட்டிருப்பார்.

அதன் பிறகு நஹோதாவை ஆஸ்பத்திரிப் பக்கம் அவர் கொண்டுபோகவில்லை. உப்பு சேர்க்காமல் மீனை வேகவைத்து, முள் எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை போயிற்று, மூன்று நூறு. அடுத்த வெள்ளியும் மூன்று நூறு. அதற்கடுத்து நாலு வெள்ளி, மூன்று நூற்றைம்பது. ரோமம் படிந்தது. ஒருநாள் மாடிப் படியில் தானாக ஏறியது. ஃபமாவு துறையில் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

"பாத்தியாடா பஹேரோ? ஊசியும் இல்ல, பையும் இல்ல. வெறும் வேகவெச்ச மீன். மலைநாட்டுக்காரி என்னமோ சொன்னா."

"நான் நம்ப மாட்டேன் பெரியவரே" என்றான் பஹேரோ. "கூட்டிட்டு வந்து காட்டுங்க. உங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டதுதான்."

அன்று வெள்ளிக்கிழமை. மாலை அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்குப் போன ஃபமாவு பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு துறைக்கு வந்தார். பெருமையாகக் கொக்கியில் மாட்டினார். காலையில் மூன்று நூற்றைம்பது போட்டிருந்தார். இப்போது முள் மூன்று இருநூற்றைம்பதில் நின்றது.

பஹேரோ குனிந்து பூனையின் முன்காலைத் தொட்டான். அவன் விரலும் அனுபவப்பட்ட விரல்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பெரியவரே! பூனையையும் ஊறப்போட்டுட்டீங்களா?"

துறையே சிரித்தது. ஃபமாவுக்குச் சிரிப்பு காதில் விழவில்லை. சரியாக நூறு கிராம் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. பூனை தின்றால் எண்பது கூடும், தொண்ணூற்றைந்து கூடும். சரியாக நூறு என்றால் அது மனிதக் கை. அவர் தொழப் போகிற நேரத்தில் அவர் வீட்டுக்குள் இருக்கிற மனிதக் கை ஒன்றுதான்.

வீட்டில் தீமாவின் பெட்டியைத் திறந்தார். மடித்து வைத்த காங்காத் துணிகளுக்கு அடியில், பாதி இறங்கிய பையும் குழாயும் ஊசிப் பொட்டலமும் இருந்தன. தீமா சமையலறையிலிருந்து வந்து வாசலில் நின்றாள். தேங்காய் துருவிய கை.

"எத்தன நாளா?"

"ஆறு வாரமா. நீங்க டாக்டரம்மாகிட்ட சண்டை போட்டுட்டு வந்த மறுநாளே போய்க் கத்துக்கிட்டேன். ஒண்ணு விட்டு ஒரு நாள் குடுக்கறேன்."

"என் வீட்டுல, எனக்குத் தெரியாம, என் பூனைக்கு?"

"தெரிஞ்சா விட்டிருப்பீங்களா?"

"இன்னும் என்னென்ன எனக்குத் தெரியாம நடக்குது இந்த வீட்டுல?"

இந்த இடத்தில் அவர் வாயை மூடியிருக்கலாம். அவரைத் தெரிந்த யாரும் அப்படி எதிர்பார்க்க மாட்டார்கள், தீமாவும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம் அவள் அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

"என்ன நடக்குதா? பால்ல தண்ணி இருக்கான்னு மோந்து பாத்தீங்க, சரின்னு இருந்தேன். எங்கம்மா வீட்டுக்குப் போனா, போனேனான்னு அடுத்த நாள் எங்கண்ணன்கிட்ட விசாரிச்சீங்க, அதுக்கும் சரின்னு இருந்தேன். ஸைனபு எட்டாம் மாசத்துல பொறந்தா. தொட்டில்கிட்ட நின்னுக்கிட்டு விரல விட்டு மாசம் எண்ணுனீங்க. நான் தூங்கறேன்னு நெனச்சீங்க. நான் தூங்கல."

அவர் எண்ணியது உண்மை. இரண்டு தடவை எண்ணினார். இத்தனை வருஷமாக அது தனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தார்.

"இந்தப் பூனைய மட்டும் நம்புனீங்க" என்றாள் தீமா. "அது பேசாதுங்கறதால நம்புனீங்களோ என்னவோ."

அந்த ஸைனபுக்குத்தான் மொம்பாசாவில் இப்போது பிரசவ நேரம். தீமா திங்கட்கிழமை புறப்பட்டாள். போனால் நாற்பது நாள் கழித்துத்தான் வருவாள். மூன்று நாளாக வீட்டில் பேச்சு இல்லை. படகுக்குப் போகும் முன் அவள் அந்தத் தண்ணீர்ப் பையை எடுத்து, நடுக்கூடத்துச் சுவரில், ஊசி நேரத்தில் மட்டும் மாட்டுகிற ஆணியிலேயே, எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிட்டாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"அஸர் நேரம். நூறு. ஒரு கோட்டுல இருந்து அடுத்த கோடு வரைக்கும். குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவர் கொடுக்கவில்லை. பிடிவாதம் என்று ஊர் சொல்லும். அவரைக் கேட்டால் பரீட்சை என்பார். தண்ணீர் இல்லாமலே பூனை நன்றாக இருந்தால் டாக்டர் ஏமாற்றுகிறாள் என்று ருசுவாகிவிடும். தீமாவும் ஏமாந்தவள்தான் என்றாகும். ஏமாற்றினவள் என்பதைவிட அது தேவலை. அப்படித்தான் அவர் கணக்கு.

முதல் அஸருக்கு அவர் பள்ளிவாசலிலிருந்து வந்தபோது நஹோதா ஆணிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது. தீமாவைத் தேடுகிறது என்று நினைத்தார். மூன்றாம் நாளும் அங்கேயே. ஐந்தாம் நாளும். அவரைப் பார்த்து ஒரு தரம் வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. ஆறாம் நாள் மீனை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று மொம்பாசாவிலிருந்து பேரன் பிறந்த செய்தி வந்தது. தெருவெல்லாம் வந்து கை குலுக்கியது. ஃபமாவு சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றது.

எட்டாம் நாள் பூனை குளியலறைக் கல்லில் வயிற்றைப் போட்டுப் படுத்திருந்தது. வாயிலிருந்து மூத்திர நாற்றம் அடித்தது. தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினார். இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது. 'இன்னொருக்கா' என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பஹேரோ கூடையைக் கொக்கியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்து, "ஓடுங்க பெரியவரே" என்றான்.

டாக்டர் கதூரே அவரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள், பூனையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். பையை மாட்டி ஊசியை எடுத்தவளின் கையை ஃபமாவு பிடித்தார்.

"இரும்மா. அதுல ஒரு சொட்டு என் கையில விடு."

விட்டாள். அவர் நக்கிப் பார்த்தார். கண் சிவந்தது.

"உப்பு! கருவாடு கூடாது, உப்பு கூடாதுன்னு சொன்ன நீயே உப்புத் தண்ணிய ஏத்தறியா?"

"பெரியவரே" என்றாள் கதூரே. அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ரத்தத்துல எவ்வளவு உப்பு இருக்கோ அவ்வளவுதான் இதுல இருக்கு. வெறும் தண்ணிய ஏத்துனா உள்ள ரத்தம் கெட்டுப்போயிடும். உங்க விரல்ல ரத்தம் வந்தா வாயில வச்சிருப்பீங்கல்ல? அந்த ருசிதானே இது?"

ஃபமாவு மறுபடி நக்கினார். துறையில் மீன் முள் குத்தாத நாள் கிடையாது. அந்த ருசி அவருக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். அதேதான்.

"நான் உங்ககிட்ட எதையும் விக்கல" என்றாள் அவள். "எனக்கு இதுல என்ன லாபம்னு கண்டுபிடிச்சிட்டீங்கன்னா எனக்கும் சொல்லுங்க. இப்ப கைய எடுக்கறீங்களா?"

அவர் கையை எடுத்தார். அன்றும் மறுநாளும் அங்கேயே வைத்துத் தண்ணீர் ஏற்றினாள். மூன்றாம் நாள், "இங்க வேணாம், வீட்டுல குடுங்க. உங்க வீட்டம்மா என்னைவிட நல்லாக் குத்துவாங்க. அவங்க பண்ணதைப் பாத்திருப்பீங்களே" என்றாள்.

பார்த்ததில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. டாக்டரே தோலைத் தூக்கவும், ஊசியின் வாய் மேலே பார்த்திருக்கவும், பையை வெந்நீரில் வைத்துச் சூடு தட்டவும் கற்றுக்கொடுத்தாள்.

அன்று அஸருக்கு அவர் பள்ளிக்குப் போகவில்லை, வீட்டிலேயே தொழுதார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது நஹோதா கால் தடுமாறத் தடுமாற நடந்து வந்து, ஆணிக்கு நேர் கீழே உட்கார்ந்தது. முதுகை அவருக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அது தீமாவைத் தேடவில்லை. அத்தனை நாளும் அது ஊசிக்காக வந்து உட்கார்ந்திருந்தது. குத்துவார்கள் என்று தெரியும், குத்தினால் உடம்பு தேறும் என்றும் தெரியும். இந்த ஒற்றைப் பூனைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் போயிற்று. ஃபமாவு வெட்கப்பட்டார். அறுபத்திரண்டு வயதில், யாரும் பார்க்காத கூடத்தில், காது மடல் சூடாகும்படி வெட்கப்பட்டார்.

முதல் குத்து தோலின் மறுபக்கம் வந்து அவர் விரலிலேயே ஏறிவிட்டது. இரண்டாவது குத்தில் தண்ணீர் எல்லாம் ரோமத்தில் வழிந்தது. மூன்றாவது உள்ளே போயிற்று. நஹோதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பை ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு இறங்குகிற வரை அவர் ஒரு கையால் ஊசியையும் மறு கையால் அதன் நெற்றியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த தடவைக்கு அடுத்த தடவை, அஸர் கழிந்து சற்று நேரத்தில், வேகவைத்த மீனை நஹோதா நக்கியது. பிறகு கடித்தது. ஃபமாவு உட்கார்ந்த இடத்திலேயே அல்லாஹ்வைப் புகழ்ந்தார். சரியாக அப்போது தீமாவின் போன் வந்தது. தினமும் வரும். பேரன் பால் குடித்தது, ஸைனபுக்குக் காய்ச்சல் இல்லை, இவ்வளவுதான் பேச்சு. பூனையைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கொடுத்திருக்க மாட்டார் என்று முடிவு கட்டிவிட்டாள், செத்திருந்தால் அந்தச் செய்தியை அவர் வாயால் கேட்க அவளுக்கு மனம் இல்லை.

"நஹோதாவுக்குத் தண்ணி குடுத்தேன்" என்றார் ஃபமாவு, அவள் போனை வைக்கப் போகும்போது.

"யாரு குடுத்தா?"

"நான்தான்."

"டாக்டரம்மா வந்தாங்களா?"

"இல்ல தீமா. நான்தான், என் கையால. இது மூணாவது தடவ."

"எந்தப் பக்கம் குத்துனீங்க?"

"ரெண்டு தோளுக்கும் நடுவுல. தோலத் தூக்கி."

"பையச் சூடு பண்ணீங்களா?"

"பண்ணேன். வெந்நியில வச்சு, என் கன்னத்துல வச்சுப் பாத்து."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"கடிகாரம் பாக்கல."

"நீங்களா கடிகாரம் பாக்கல?" தீமா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. "எங்கிட்ட எதுக்கு இப்படிச் சொல்றீங்க, ஸைனபோட வாப்பா? புள்ள பெத்த வீட்டுல நான் அழக் கூடாதுன்னா? அது போயிடுச்சுன்னா போயிடுச்சுன்னு சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

"போகல! இதோ, என் எதிர்லதான் இருக்கு. மீன் தின்னுக்கிட்டு இருக்கு."

"அப்படியா? போன அதுகிட்ட வைங்க. தின்ற சத்தம் கேக்கட்டும்."

ஃபமாவு போனைத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். நஹோதா தின்பதை நிறுத்தியது. போனை மோந்தது. பிறகு பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தது.

"ஒண்ணும் கேக்கலையே" என்றது போன்.

ஃபமாவு சொன்னது அத்தனையும் மெய், அதைக் காட்டத்தான் கையில் ஒன்றும் இல்லை. இப்படி ஓர் இடத்தில் ஊரில் எத்தனை பேரைத் தினம் தினம் நிறுத்தியிருக்கிறோம் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அவள் திரும்பி வர இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. அதுவரை இது உயிரோடு இருந்தாக வேண்டும்.

"இப்பத்தான் தின்னுச்சு தீமா. அல்லாஹ்மேல ஆணையா, இப்பத்தான்."

அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. அவள் வைத்துவிடவில்லை, காத்திருந்தாள். ஃபமாவு மண்டியிட்டு, மீனில் ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் வைத்து, நஹோதாவின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"தின்னுடா ராசா" என்றார். "கொஞ்சம் சத்தமாத் தின்னு. அவளுக்குக் கேக்கணும்."